ஆன்லைனில் பழைய மர வேலை மெஷின்: கேட்கிற விலை நியாயமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மரத்தூள் (கேள்வி)

வணக்கம். பட்டறைக்கு மூணு மெஷின் வேணும். மூணையும் ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழசா வாங்கிடலாம்னு இருக்கேன். ஆனா எது நியாய விலைன்னு பிடிபடவே மாட்டேங்குது. ஒரே மாதிரி மெஷினுக்கு ஒருத்தர் கேட்கிறதுல பாதிதான் இன்னொருத்தர் கேட்கிறார். இங்க எழுதுறவங்க பல நாட்டுல இருக்கீங்க, அதனால பணத்துல சொல்லல. அதே அளவு, அதே தரத்துல இன்னிக்குப் புதுசு வாங்கினா ஆகிற விலையை 100ன்னு வச்சுக்கங்க.

1) 10 அங்குல டேபிள் சா. கேபினெட் வகை, வார்ப்பிரும்பு மேசை, 3 எச்.பி., த்ரீ ஃபேஸ். 12 வருஷம் ஓடினது. ஃபென்ஸ் (பலகையைச் சாய்ச்சு நேரா தள்ளுற வேலி) இருக்கு. வெட்டின மரம் ரம்பத்தைக் கவ்வாம அதுக்குப் பின்னாடி நிக்கிற தகடு, ரைவிங் நைஃப், படத்துல காணோம். கேட்கிறது 55.

2) சர்ஃபேஸ் பிளேனரும் (பலகை முகத்தை மட்டமாக்குறது) திக்னஸரும் (பருமனை ஒரே சீரா சீவுறது) ஒண்ணா இருக்கிற 12 அங்குல மெஷின், சிங்கிள் ஃபேஸ். "3 எச்.பி., ஸ்பைரல் ஹெட்"னு போட்டிருக்கார். கேட்கிறது 70.

3) மேசை மேல தூக்கி வைக்கிற 12 அங்குல திக்னஸர், கார்பன் பிரஷ் மோட்டார். "ரெண்டே வருஷம், பில் இருக்கு." கேட்கிறது 80.

என்கிட்ட இருக்கிறது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் லைன் மட்டும்தான். "பழசுன்னா பாதி விலை"ன்னு ஒரு பேச்சு இருக்கே, அதை நம்பலாமா? இல்ல வேற ஏதாவது கணக்கு இருக்கா?

---

இழைப்புளி

பாதி விலை என்ற கணக்கு சில மெஷினுக்கு அநியாயமாக அதிகம், சிலதுக்கு அநியாயமாகக் குறைவு. அதை விட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் இருக்கும் எண் விற்பவரின் ஆசை. கைமாறிய எண்தான் விலை. இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது, அதைப் பாருங்கள். அந்த வசதி இல்லாத தளங்களில் கொஞ்சம் பொறுமை வேண்டும். உங்களுக்கு வேண்டிய வகையில் எட்டுப் பத்து விளம்பரங்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, வாரம் ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். நாலைந்து நாளில் காணாமல் போனவை பெரும்பாலும் விலை படிந்தவை. ஒரு மாதமாக அசையாமல் கிடப்பவற்றில் விலை தப்பு, அல்லது மெஷினில் கோளாறு. ஆக உயர்ந்ததையும் ஆகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அதிலிருந்து பத்துப் பதினைந்து சதவீதம் கீழேதான் பேரம் முடியும் என்பது என் கணிப்பு. ஏல விலையை ஒப்பிட்டால் ஒரு எச்சரிக்கை: சுத்தியல் விழுந்த எண் முழு விலை அல்ல. அதற்கு மேல் ஏலக்காரரின் கமிஷன், வரி, குறித்த நாளுக்குள் மெஷினைக் கழற்றி எடுக்கும் செலவு எல்லாம் ஏறும்.

இப்போது வகை. எதையும் பார்க்காமல், "நன்றாக ஓடுகிறது, பாகம் எல்லாம் இருக்கிறது" என்று வைத்துக்கொண்டு நான் ஆரம்பிக்கும் எண்கள் இவை. வார்ப்பிரும்பு உடம்பு, இண்டக்ஷன் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது), பெல்ட் ஓட்டம் உள்ள மெஷின் என்றால் 55 முதல் 65. வயது பத்தா இருபதா என்பது இதில் அதிகம் மாற்றாது. வார்ப்பிரும்பு முதுமை அடைவதில்லை, அதற்குள் சுழல்கிறவைதான் தேயும், அவற்றை மாற்றலாம். தகரமும் அலுமினியமும் பிரஷ் மோட்டாரும் சேர்ந்த மேசை மெஷின் என்றால் 35 முதல் 45. அதில் மோட்டார் போனால் மெஷினே போனதுதான். எலக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு உள்ள லேத் மாதிரியானவற்றுக்கு அந்தக் கன்ட்ரோல் போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே எண். போர்டு கிடைக்காது என்றால் வேறு மோட்டாரும் டிரைவும் வைக்கும் செலவை அப்படியே கழியுங்கள்.

அடுத்து, இல்லாதது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அலைந்த மாதிரிதான் பழைய மெஷினில் நடக்கும். டேபிள் சாவில் ஃபென்ஸ் இல்லை என்றால் அதற்கு மட்டும் 20, 25 கழியுங்கள். நல்ல ஃபென்ஸ் அவ்வளவு ஆகும். மைட்டர் கேஜ் (கோணத்தில் வெட்டப் பலகையைப் பிடித்துத் தள்ளுவது), ரம்பத்தைச் சுற்றியுள்ள த்ரோட் பிளேட் இவை சின்னச் செலவு, பட்டறையிலேயே செய்யலாம். உங்கள் முதல் மெஷினில் ரைவிங் நைஃப் இல்லை என்கிறீர்கள். தகடு மட்டும் இல்லையா, அதைப் பிடிக்கும் கவ்வியும் இல்லையா என்று கேளுங்கள். தகடு வெட்டிக்கொள்ளலாம், பருமன் மட்டும் ரம்பத் தட்டின் பருமனைவிடக் கூடுதலாகவும் பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்கவேண்டும். தட்டு 2.2 மி.மீ., வெட்டு 3.2 மி.மீ. என்றால் 2.5 முதல் 2.8. கவ்வியே இல்லை என்றால் அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

இன்னொரு பக்கம், தரை விலை. 220 கிலோ மெஷின் காயலான் கடைக்குப் போனாலும் எடைக்கு ஒரு விலை உண்டு. விற்பவர் அதற்குக் கீழே இறங்கமாட்டார். அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் அபத்தமாகக் கேட்டு மூக்குடைபடாமல் இருக்கலாம்.

---

காயில்

கரண்ட் பக்கம் நான் சொல்றேன். முதல் மெஷின்ல விலையைத் தீர்மானிக்கப் போறதே அதுதான்.

த்ரீ ஃபேஸ் மெஷின் மலிவா கிடைக்கிறதுக்குக் காரணம், வீட்டுல வச்சு வேலை செய்யுறவங்க அதைத் தொடமாட்டாங்க. வாங்குற ஆள் குறைவு. விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸா மாத்தி மோட்டார் வேகத்தையும் கட்டுப்படுத்துற எலக்ட்ரானிக் பெட்டி) போட்டு சிங்கிள் ஃபேஸ்ல ஓட்டலாம், ஆனா எல்லா மோட்டாரும் ஓடாது. நேம் பிளேட்டை குளோசப்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. "230/400 வோல்ட், டெல்டா/ஸ்டார்"னு (மோட்டார் காயிலை இணைக்கிற ரெண்டு முறை) இருந்தா யோகம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்குற சாதாரண விஎஃப்டி வெளிய தர்றதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். மோட்டாரை டெல்டாவுக்கு மாத்தினா முழு சக்தியோட ஓடும். "400/690"ன்னு இருந்தா டெல்டாவுக்கே 400 வேணும், அந்த விஎஃப்டியில அது உருப்படாது. ஒண்ணு வோல்டேஜை ஏத்தித் தர்ற கன்வெர்ட்டர், இல்ல மோட்டாரையே மாத்தணும். ரெண்டுமே செலவு.

டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்தும் ஒரு படம் கேளுங்க. ஆறு முனை இருக்கணும். பித்தளைத் தகடு மூணு முனையைக் குறுக்கே வரிசையா இணைச்சிருந்தா ஸ்டார். மேலயும் கீழயுமா ஜோடி ஜோடியா மூணு தகடு இருந்தா டெல்டா. வெளிய மூணே வயர்தான் வருதுன்னா ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. ரீவைண்டிங் தெரிஞ்சவர் அதைத் தோண்டி எடுத்து வெளிய கொண்டு வரலாம், அதுக்கும் ஒரு கூலி போடுங்க.

சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்குற விஎஃப்டி 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. வரைக்கும் சுலபமா கிடைக்கும். அதுக்கு மேல போனா த்ரீ ஃபேஸ் விஎஃப்டியைக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அளவுல வாங்கி ஓட்டணும், விலை எகிறிடும். உங்களுது 3 எச்.பி., சரியா ஓரத்துல நிக்குது. இந்த அளவு விஎஃப்டி லைன்லேர்ந்து 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும். தனி வயர், தனி பிரேக்கர். எர்த் லீக்கேஜ் பிரேக்கர் சும்மா சும்மா விழுந்தா அதுக்கேத்த வகை மாத்தணும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல பழைய ஸ்டார்ட்டரை விட்டு வைக்காதீங்க. ஓடும்போது அதை ஆஃப் பண்ணினா விஎஃப்டி செத்துடும். மெஷின் மேல இருக்கிற பச்சை, சிவப்பு பட்டனை விஎஃப்டியோட கன்ட்ரோல் முனைக்குக் கொண்டு போயிடணும். ரம்பம் சீக்கிரம் நிக்கணும்னு நிறுத்துற நேரத்தை ரொம்பக் குறைச்சு வச்சா ஓவர் வோல்டேஜ்னு டிரிப் ஆகும், அதுக்கு பிரேக்கிங் ரெசிஸ்டர் தனியா வாங்கணும். எல்லாம் சேர்த்து உங்க நூறுல 8 லேர்ந்து 10 வரைக்கும் ஒதுக்குங்க.

ரெண்டாவது மெஷினோட "3 எச்.பி."யை நம்பறதுக்கு முன்னாடி ஆம்பியரைப் பாருங்க. சிங்கிள் ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி 0.65 ஆல பெருக்கினா ஷாஃப்ட்ல வர்ற வாட் தோராயமா கிடைக்கும், 746 ஆல வகுத்தா எச்.பி. பிளேட்ல 15 ஆம்பியர் இருந்தா: 230 × 15 × 0.65 = 2242 வாட், 3 எச்.பி. நிஜம். 9 ஆம்பியர்னு இருந்தா 1345 வாட், ரெண்டு எச்.பி.கூட இல்ல. ஐரோப்பிய மெஷின்ல பி1ன்னா உள்ள வாங்குற சக்தி, பி2ன்னா வெளிய தர்ற சக்தி. பக்கத்துல எஸ்1ன்னு இருந்தா நாள் முழுக்கத் தர்ற அளவு. எஸ்6, 40 சதவீதம்னு இருந்தா பத்து நிமிஷத்துல நாலு நிமிஷம் மட்டும் லோடு ஏத்தற கணக்கு. விளம்பரத்துல எந்த எண் பெருசோ அதைத்தான் போடுவாங்க.

கடைசியா ஒண்ணு. 1725 இல்ல 3450 ஆர்.பி.எம்.னு பிளேட்ல இருந்தா அது 60 ஹெர்ட்ஸ் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் லைன்ல போட்டா வேகம் ஆறுல ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். வோல்டேஜ் கன்வெர்ட்டர் அதைச் சரி பண்ணாது. வெளிநாட்டுலேர்ந்து வந்த மெஷின்னா மோட்டார் மாத்துற செலவையும் சேர்த்துப் பாருங்க.

---

மரத்தூள்

ரொம்ப நன்றி காயில் அண்ணே. பிளேட் படம் வாங்கிட்டேன்: முதல் மெஷின் 230/400, ஆறு முனை. ரெண்டாவதுல 14.5 ஆம்பியர். இப்ப அடுத்த சந்தேகம். ரெண்டும் தூரத்துல இருக்கு. நேர்ல போறதுக்கு முன்னாடி படம், வீடியோ வச்சே எவ்வளவு தூரம் தெரிஞ்சுக்கலாம்? போனா என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

---

மூலமட்டம்

வீடியோவில் பாதி தெரிந்துவிடும், சரியாகக் கேட்டால். "ஓடுகிற வீடியோ அனுப்புங்கள்" என்று கேட்டால் ஏற்கெனவே சூடாகி ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை எடுத்து அனுப்புவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: மெஷின் ஆறியிருக்கவேண்டும். சுவிட்சைத் தட்டுவதற்கு முன்பே பதிவு ஆரம்பிக்கவேண்டும். ஸ்டார்ட் ஆவது, அரை நிமிஷம் ஓடுவது, சுவிட்சை அணைப்பது, தானாக நிற்கும்வரை விடுவது, இத்தனையும் வெட்டாமல் ஒரே பதிவாக. முக்கியமானது கடைசிப் பகுதி. சுவிட்சை அணைத்ததும் மோட்டாரின் ரீங்காரம் போய்விடும். அதற்குப் பிறகும் கரகரப்போ உறுமலோ கேட்டால் அது பேரிங். சிங்கிள் ஃபேஸ் மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது உம்மென்று முனகி, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், அல்லது மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். இரண்டும் சின்னச் செலவு. பேரம் பேசக் கிடைத்த வரம் என்றே சொல்வேன், பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து விலகிவிடுவார்கள்.

படங்களைத் தேடுபொறியில் போட்டு வேறெங்காவது இதே படம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்றைய தேதியைத் தாளில் எழுதி மெஷின் மேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். அதற்கு முணுமுணுப்பவர், விலை 30 என்று சொல்லிவிட்டு முன்பணம் கேட்பவர், இவர்களோடு மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

நேரில் போகும்போது: ஒரு மீட்டர் ஸ்டீல் நேர்கோல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), காந்தக் காலோடு டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுவது), வெர்னியர், டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய், சாக்பீஸ் தூள், ஒரே பருமனில் இரண்டு குச்சிப் பலகை. அவருடைய ரம்பத்தைக் கழற்றிப் பார்க்க ஸ்பானர்.

முதலில் விரிசல் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பேரிங், பெல்ட், பிளேடு, மோட்டார் எது போனாலும் பணத்தால் சரியாகும். வார்ப்பிரும்பு விரிந்தால் வெல்டிங் லேசில் பிடிக்காது, பிடித்தாலும் மேசை வளையும். சந்தேகப்படும் இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து கோடாகத் தெரியும். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிந்தது பொத்தென்று அடங்கும். டேபிள் சாவில் மோட்டாரைத் தாங்கும் ட்ரன்னியன், பிளேனரில் மேசை சறுக்கி நகரும் தடங்கள், பேண்ட் சாவில் தூண் வளையும் இடம், இவைதான் வழக்கமாக விரியும் இடங்கள். மஞ்சள் நிறத்தில் தையல் போல ஓர் ஒட்டுக் கோடு தெரிந்தால் பிரேசிங் செய்த (பித்தளையை உருக்கி ஒட்டிய) இடம். உடம்பெல்லாம் பழைய பெயிண்ட், ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அங்கே சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்த மெஷினுக்கு நான் ஒரு பைசா கூட்டிக் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

டேபிள் சா: ரம்பத்தை முழுக்க ஏற்றி இறக்குங்கள், 45 டிகிரிவரை சாய்த்து நிமிர்த்துங்கள். பாதியில் இறுகினால் பல்சக்கரத்தில் தூளும் கிரீஸும் கெட்டித்திருக்கும், சுத்தம் செய்தால் போகும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் துள்ளினால் பல் உடைந்திருக்கலாம். ரம்பத்தை மேலே பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், டிக்கென்று சத்தம் வந்தால் ஆர்பர் (ரம்பம் மாட்டும் அச்சு) பேரிங். பிறகு ரம்பத்தைக் கழற்றி, அது சாய்ந்து உட்காரும் வட்டத் தகடான ஃபிளாஞ்சின் முகத்தில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.02, 0.03 மி.மீ. என்றால் நல்லது. இது சின்னதாகத் தெரியும், ஆனால் 75 மி.மீ. ஃபிளாஞ்சில் 0.03 என்பது 250 மி.மீ. ரம்பத்தின் விளிம்பில் 0.1 ஆகிவிடும். 0.05க்கு மேல் போனால், பேரிங்கா, ஃபிளாஞ்சில் ஒட்டிய அழுக்கா, வளைந்த ஆர்பரா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வளைந்த ஆர்பர் என்றால் 8, 10 கழியுங்கள். ஆர்பரின் விட்டத்தையும் அளந்து வையுங்கள், 30 மி.மீ., 25.4, 15.88 என்று மாடலுக்கு மாடல் மாறும், கையில் இருக்கும் ரம்பம் பொருந்தாமல் போகலாம்.

பிளேனர்-திக்னஸர்தான் அதிக நேரம் எடுக்கும். நேர்கோலை இரண்டு மேசை மேலும் நீளவாக்கில் வைத்து, பிறகு மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். வெளி முனை தொங்கி 0.1 மி.மீ. கேஜ் அடியில் நுழைந்தால் பயப்படவேண்டாம், கிப் திருகையோ (மேசைத் தடத்தின் ஆட்டத்தை இறுக்குவது) மேசைத் திருகையோ சரிசெய்து நிமிர்த்தலாம். ஆனால் ஒரே மேசைக்குள் முறுக்கு இருந்தால், அதாவது ஒரு மூலைவிட்டத்தில் இடைவெளியும் இன்னொன்றில் மேடும் தெரிந்தால், அதைக் கிரைண்டிங் செய்யத்தான் கொடுக்கவேண்டும். அந்தச் செலவும் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்ந்தால் மெஷினை விட்டுவிடுவதே லாபம்.

திக்னஸர் பக்கத்தில் அந்த இரண்டு குச்சிகளையும் ஒன்றை இடது ஓரத்திலும் ஒன்றை வலது ஓரத்திலும் ஒரே நேரத்தில் விட்டு எடுத்து வெர்னியரால் அளங்கள். வித்தியாசம் 0.2 மி.மீ.க்கு மேல் இருந்தால் மேசை சாய்ந்திருக்கிறது அல்லது பிளேடு சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மரம் நடுவில் நின்று வழுக்கினால் ஃபீட் ரோலரைப் பாருங்கள். ரப்பர் ரோலர் என்றால் நகத்தால் அழுத்துங்கள், கல் மாதிரி இருந்தால் மாற்றவேண்டியதுதான்.

"ஸ்பைரல் ஹெட்" என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். சிலர் சும்மா சாய்வாக வைத்த பிளேடையும் அப்படிச் சொல்வார்கள். நிஜமான ஹெட்டில் சதுரக் கார்பைடு துண்டுகள் வரிசை வரிசையாகத் திருகப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. மூலையில் உள்ள புள்ளியை வைத்து எத்தனை தடவை திருப்பியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம், இரண்டு மூன்றைக் கழற்றியும் பாருங்கள். நான்கு முனையும் தேய்ந்திருந்தால் துண்டுகளை எண்ணி, ஒரு துண்டின் விலையால் பெருக்குங்கள், அந்தத் தொகை திடுக்கிட வைக்கும். சாதாரண நேர் பிளேடு என்றால் அகலத்தை அளங்கள்: புதிதில் 30 மி.மீ. இருந்தது தீட்டித் தீட்டி 20க்கு வந்திருந்தால் அடுத்த செட் உங்கள் செலவு.

மிகப் பழைய பிளேனர் எதையாவது பார்த்தால் கட்டர் பிளாக் உருண்டையா சதுரமா என்று பாருங்கள். சதுர பிளாக் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளது. என்ன விலைக்குக் கொடுத்தாலும் அதை ஓட்டுவதற்காக வாங்காதீர்கள்.

மேல் துரு பொருட்டே இல்லை, ஸ்காட்ச்பிரைட்டும் எண்ணெயும் போதும். நகம் தட்டுப்படுகிற குழி வேறு விஷயம். அதுவும் ஓரத்தில் என்றால் தோற்றக் குறைதான், ரம்பமோ பிளேடோ வெளிவரும் மேசை வாயருகில் என்றால் விலையைக் குறையுங்கள்.

---

சீவல்

மூணாவது மெஷினைப் பத்தி யாரும் பேசலையே. 80க்கு அதை வாங்காதீங்க. மீதி 20 போட்டா புதுசும் வாரண்டியும் வருது. இந்த வகையில பில் எத்தனை வருஷம்னு பார்க்கிறது வீண், எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கிறதுதான் கணக்கு. மாசத்துல ரெண்டு பலகை விட்டவரும் ரெண்டு வருஷம், தினம் தேக்கு விட்டவரும் ரெண்டு வருஷம்தான்.

ஓட்ட நேரத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. கார்பன் பிரஷைக் கழட்டிப் பாருங்க. தேய்மானக் குறி வரைக்கும் வந்திருந்தா நல்லாவே ஓடியிருக்கு. பிரஷ் புத்தம் புதுசா இருக்கு, ஆனா உள்ள கம்யூடேட்டர் (பிரஷ் உரசுற செம்பு வளையம்) கறுத்துப் பள்ளம் விழுந்திருக்குன்னா இது ரெண்டாவது மூணாவது செட். ஓடும்போது பிரஷ் பக்கம் வட்டமா தீப்பொறி சுத்தினா ஆர்மேச்சர் (மோட்டாரோட சுழலுற பகுதி) கதை முடியப்போகுது. பிளேடு எந்த வகைன்னும் கேளுங்க. மகிட்டா 2012என்பி மாதிரி சிலதுல ரெண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடு வரும், தீட்டறதில்ல, திருப்பிப் போட்டுட்டுத் தூக்கிப் போடறது. ரெண்டு பக்கமும் தீர்ந்திருந்தா ஒரு செட் விலை கழிச்சுக்கங்க. எல்லாம் நல்லா இருந்தா 45. சுமாரா இருந்தா 35. அவ்வளவுதான்.

---

இழைப்புளி

சீவல் சொன்ன எண்தான் என்னுடையதும். வாரண்டி மிச்சம் இருந்து அது உங்கள் பெயருக்கு மாறும் என்றால் மட்டும் 55 வரை போகலாம். பல நிறுவனங்களில் முதலில் வாங்கியவருக்குத்தான் செல்லும், பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

---

மரத்தூள்

மூணாவதை விட்டுட்டேன். ரெண்டாவது மெஷினை ஞாயித்துக்கிழமை நேர்ல பார்க்கப் போறேன். முதல் மெஷினுக்கு நீங்க எல்லாரும் சொன்னதை வச்சு ஒரு கணக்குப் போட்டேன், சரியான்னு சொல்லுங்க. வீடியோவுல நிக்கும்போது லேசா கரகரப்பு கேட்குது. ரைவிங் நைஃப் கவ்வி இருக்காம், தகடுதான் இல்லையாம்.

ஆரம்பம் 55
விஎஃப்டி, வயரிங் 9 கழிவு
பேரிங், பெல்ட் 3 கழிவு
ரைவிங் நைஃப் 2 கழிவு
வண்டி, ஏத்துக்கூலி 7 கழிவு
எதிர்பாராதது 6 கழிவு

மிச்சம் 28. அவர் கேட்கிறதோ 55. 28ன்னு சொன்னா ஃபோனையே வச்சுடுவார் போல இருக்கே?

---

இழைப்புளி

வைத்துவிடுவார், அதில் நியாயமும் இருக்கும். நீங்கள் மூன்று இடத்தில் இரண்டு தடவை கழித்திருக்கிறீர்கள்.

12 வருஷ மெஷின் என்பதால் 55 என்று கீழிருந்து ஆரம்பித்தீர்கள். பிறகு அந்த வயதால் வரும் பேரிங், பெல்ட் தேய்மானத்தை மறுபடி கழித்தீர்கள். தேய்ந்ததைத் தனியாகக் கழிப்பதாக இருந்தால் ஆரம்பம் 60 ஆக இருக்கவேண்டும். அடுத்தது, வண்டிக் கூலி. புது மெஷின் வாங்கினாலும் அது பறந்து வராது. புதியதற்கு ஆகும் கூலிக்கும் இதற்கு ஆகும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கழிக்கவேண்டும். 3 என்று வையுங்கள். மூன்றாவது, பேரிங்கை 3 என்று தனியாகப் போட்டுவிட்டு, எதிர்பாராதது என்று இன்னும் 6 போட்டிருக்கிறீர்கள். பேரிங்கும் பெல்ட்டும் விலை குறைந்தவை. 6204, 6205 என்று பேரிங்கின் மேலேயே எண் அடித்திருக்கும், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், மெஷின் கம்பெனியிடம் வாங்கவேண்டியதில்லை. பேரிங்-பெல்ட், எதிர்பாராதது இரண்டும் சேர்த்து 6 போதும்.

60இலிருந்து 9, 2, 3, 6 போனால் 40. இதுதான் உங்களுக்கு இந்த மெஷினின் மதிப்பு. "உங்களுக்கு" என்பதைக் கவனியுங்கள். த்ரீ ஃபேஸ் லைன் ஏற்கெனவே உள்ள ஒருவருக்கு இதே மெஷின் 49. அவர் போட்டிக்கு வந்தால் உங்களுக்குக் கிடைக்காது, அதற்காக விலையை ஏற்றாதீர்கள். 35இல் பேச்சை ஆரம்பித்து 42இல் நிறுத்திக்கொள்ளுங்கள். "விலை அதிகம்" என்று பொதுவாகச் சொல்லாமல் பேரிங் சத்தத்தையும் தகடு இல்லாததையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். விஎஃப்டி செலவை அவர் தலையில் கட்டப் பார்க்காதீர்கள், "த்ரீ ஃபேஸ்னு போட்டுத்தானே விற்கிறேன்" என்பார். விளம்பரம் எத்தனை நாளாக இருக்கிறது?

---

மரத்தூள்

இன்னியோட அஞ்சு வாரம். நடுவுல ஒருதடவை 60லேர்ந்து 55க்கு இறக்கியிருக்கார்.

---

இழைப்புளி

அப்படியானால் 40க்கு வருவார். இப்போதே அழைத்து எண்ணைச் சொல்லாதீர்கள். போய்ப் பார்த்து, ஃபிளாஞ்சை அளந்துவிட்டு, வண்டியோடு நிற்கும்போது சொல்லுங்கள்.

---

மூலமட்டம்

வண்டியோடு போவதாக இருந்தால் ஏற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆவது பெரும்பாலும் இங்கேதான். கேபினெட் சா 200 கிலோவுக்கு மேல் இருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துத் தூக்கவிடாதீர்கள், உடம்புக்கு அடியில் பட்டை போட்டுத் தூக்கவேண்டும். ரம்பத்தைக் கழற்றுங்கள். மோட்டார் ட்ரன்னியனில் தொங்கிக்கொண்டே பயணம் செய்தால், வண்டி ஒரு பள்ளத்தில் விழும்போது அத்தனை எடையும் அந்த வார்ப்பில் இறங்கும்; 12 வருஷம் விரியாதது வழியில் விரியும். சாய்வை 0 டிகிரியில் பூட்டி, கேபினெட்டுக்குள் மோட்டாருக்கு அடியில் கட்டை வைத்து இறுக்குங்கள். முடிந்தால் மோட்டாரையே கழற்றித் தனியாக வையுங்கள், நான்கு போல்ட்தான். கழற்றும் முன் வயர் இணைப்பைப் படம் எடுங்கள். ஃபென்ஸ் ரெயிலைக் கழற்றிப் போர்வையில் சுற்றுங்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் பிளேனரை வாங்கினால் இதற்கு நேர் எதிர்: எடையைக் குறைக்கலாம் என்று அதன் மேசைகளைக் கழற்றாதீர்கள். கழற்றினால் அந்த மட்டத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு முழு நாள் போய்விடும். பாலெட் ஜாக்கியோடு (பாரத்தை அடியிலிருந்து தூக்கித் தள்ளும் கைவண்டி) ஆள் வருகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.